கவசம் டாங்கிக்கா, உள்ளே இருப்பவருக்கா? – போர் வாகனப் பாதுகாப்பு பற்றி ஒரு இழை

நிலாமுற்றம் | வியாழன், இரவு 9:12

வணக்கம். கோவையில் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்குப் போர் வாகனங்களின் பாதுகாப்பு என்று தலைப்பு கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் பயம் வருகிறது. ஒரு வாரமாக உக்ரைன் போர்க் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நூறு டாலர் விலையுள்ள ட்ரோன் பல கோடி ரூபாய் டாங்கியின் மேல் போய் விழுகிறது. அடுத்த நொடி டரட், அதாவது பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி, தனியாகக் கழன்று மேலே பறக்கிறது.

தகட்டை இன்னும் தடிமனாக்கினால் என்ன என்பதுதான் என் முதல் யோசனை. எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் புராஜெக்ட் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இது சரியான பாதையா? இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பட்டறைக்காரர் | வியாழன், இரவு 10:05

நல்ல தலைப்பு எடுத்திருக்கிறீர்கள் அம்மா. கவச வாகனச் சோதனைப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தடிமன் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம். அதைப் போடாமல் யாரும் இந்தத் துறைக்குள் வரக்கூடாது.

10 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருக்குத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. டாங்கியின் மேல்பரப்பை 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 24.5 சதுர மீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் உருக்கைக் கூடுதலாகப் போட்டால் 19 டன்னுக்கு மேல் ஏறும். பக்கவாட்டை இன்னும் தொடவே இல்லை. அந்த 100 மில்லிமீட்டரும், தோளில் வைத்துச் சுடும் ஒரு சாதாரண ஆர்பிஜி-7 குண்டை நிறுத்தாது. அதன் பழைய குண்டுகளே 250 மில்லிமீட்டருக்கு மேல் துளைக்கும்.

எடை ஏறினால் இன்ஜின் திணறும், சஸ்பென்ஷன் உட்காரும், பாலம் தாங்காது, சேற்றில் புதையும். நம் அர்ஜுன் டாங்கி மார்க் 1 சுமார் 58 டன். மார்க் 1ஏ 68 டன்னைத் தொடுகிறது. பஞ்சாப் எல்லையில் எத்தனை கால்வாய், எத்தனை சின்னப் பாலம் என்று நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் லெப்பர்டு 2, அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் இரண்டும் 55 டன் அளவில் பிறந்து இப்போது 67 டன் பக்கம் வந்து நிற்கின்றன. இதற்கு மேல் எடையை ஏற்றப் பலரும் தயங்குகிறார்கள்.

இந்தத் துறையில் பாதுகாப்பை வெங்காயம் மாதிரி வரைந்து காட்டுவார்கள். வெளித் தோல், எதிரி கண்ணில் படாமல் இருப்பது. அடுத்தது, பட்டாலும் அவன் குறி வைக்க முடியாமல் செய்வது. அப்புறம் சுட்டாலும் படாமல் இருப்பது, பட்டாலும் துளைக்காமல் இருப்பது. கடைசித் தோல், துளைத்தாலும் உள்ளே இருப்பவர் சாகாமல் இருப்பது. நீங்கள் கேட்டது நாலாவது தோல். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாதது ஐந்தாவது. அதைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

தங்கராசு75 | வியாழன், இரவு 10:31

பட்டறைக்காரர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. டாங்கியின் காலமே முடிந்துவிட்டது என்பதுதான் உக்ரைன் காட்டும் பாடம். 1973 யோம் கிப்பூர் போரில் எகிப்தின் சாகர் ஏவுகணைகள் இஸ்ரேல் டாங்கிகளை வரிசையாக அழித்தபோதே இது தெரிந்துவிட்டது. சூட்கேஸில் வைத்துத் தூக்கிவந்த ஏவுகணை அது! இன்னும் ஏன் அதற்குக் கவசம் தேடிக்கொண்டிருக்க வேண்டும்? அந்தப் பணத்தை ட்ரோனில் போடலாம். மாணவி தலைப்பை மாற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

உருக்குமணி | வெள்ளி, காலை 6:50

தங்கராசு சொல்லும் அதே 1973இன் பாடங்கள், இஸ்ரேல் அப்போது வடிவமைத்துக்கொண்டிருந்த மெர்காவா டாங்கிக்குள் போயின. ஜெனரல் இஸ்ரேல் தால் டாங்கிகளில் அரிதான ஒன்றைச் செய்தார். இன்ஜினை முன்னால் வைத்தார், குண்டு வந்தால் முதலில் அது வாங்கட்டும் என்று. பின்னால் கதவு வைத்தார், ஆட்கள் இறங்கி ஓட. 1979இல் அது படையில் சேர்ந்தது. டாங்கிக்குச் சாவு மணி அடித்த ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு புது வடிவம் வந்திருக்கிறது. காலாட்படை நடந்து முன்னேற வேண்டியிருக்கும் வரை அவர்களோடு கூடப் போக ஒரு கவச வண்டி வேண்டும். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

நான் உலோகவியல் படித்தவன். நிலாமுற்றத்துக்கு அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவசத்தைத் தாக்க வருபவை இரண்டு வகை.

ஒன்று நீளக் கம்பி. நம் படையில் எஃப்எஸ்ஏபிடிஎஸ் என்பார்கள். வால் இறகு வைத்த அம்பு மாதிரி இருக்கும். டங்ஸ்டன் கலவை அல்லது யுரேனியத்தில் செய்வார்கள், உருக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. நொடிக்கு 1,500 மீட்டருக்கு மேல் வேகம். இதில் வெடிமருந்து கிடையாது, வேகமும் எடையும்தான்.

மற்றது ஹீட் குண்டு. ஆர்பிஜி, ஏவுகணை, ட்ரோனில் கட்டி விடுவது எல்லாம் பெரும்பாலும் இதுதான். வெடிமருந்தின் முன்பக்கத்தைக் கூம்பாகக் குடைந்து அதில் மெல்லிய செம்புத் தகடு பதித்திருப்பார்கள். வெடித்ததும் அந்தக் கூம்பு மடங்கி, ஊசி மாதிரி ஒரு தாரையாகப் பாயும். அதன் நுனி நொடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பெயரைப் பார்த்துவிட்டு, உருகிய செம்பு கவசத்தை உருக்கிக்கொண்டு போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அந்தச் செம்பு உருகுவதில்லை. அழுத்தம் அவ்வளவு அதிகமாக இருப்பதால் செம்பும் உருக்கும் இரண்டுமே திரவம் போல நடந்துகொள்கின்றன. குழாய்த் தண்ணீர் களிமண்ணில் குழி பறிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒரு ஆச்சரியமான விஷயம் வருகிறது. அந்த வேகத்தில் உருக்கின் வலிமைக்கு அவ்வளவு மதிப்பில்லை. தாரையின் நீளமும் இரண்டு பொருள்களின் அடர்த்தியும்தான் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. அப்படியானால் தாரையைத் தடுப்பதைவிட அதைக் கலைப்பது நல்லது. பிரிட்டன் சோபம் என்ற ஊரில் இருந்த ஆய்வகத்தில் 1960களில் இதைத்தான் கண்டுபிடித்து, 1976இல் வெளியே சொன்னது. ஒரே கெட்டித் தகடு கிடையாது. அடுக்கடுக்காக வெவ்வேறு பொருள். இரண்டு உருக்குத் தகட்டுக்கு நடுவில் ரப்பர் வைத்தால்கூட, தாரை நுழையும்போது ரப்பர் வீங்கித் தகடுகளைத் தள்ளும். தகடு நகர்ந்து தாரையின் பக்கவாட்டை உரசி அதைத் துண்டு துண்டாக்கும். பீங்கான் வேறு விதம். அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு எல்லாம் உருக்கில் பாதியோ அதற்கும் குறைவோதான் எடை, ஆனால் கடினம் மிக அதிகம். வருகிற கம்பியின் முனையை மழுக்கிவிடும்.

நம் அர்ஜுனில் இருக்கும் காஞ்சன் கவசம் ஹைதராபாத் டிஎம்ஆர்எல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆய்வகம் இருக்கும் காஞ்சன்பாக்தான் பெயருக்குக் காரணம். உள்ளே என்ன அடுக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

நிலாமுற்றம் | வெள்ளி, காலை 8:20

உருக்குமணி அண்ணா, ரப்பர் தகட்டை நகர்த்தித் தாரையை வெட்டுகிறது என்ற இடத்தை மூன்று முறை படித்தேன். அப்படியானால் ரப்பருக்குப் பதிலாக வெடிமருந்தே வைத்துவிட்டால் தகடு இன்னும் வேகமாக நகராதா?

உருக்குமணி | வெள்ளி, காலை 9:02

அதேதான்! நீங்கள் இப்போது கேட்டதுதான் ஈஆர்ஏ, அதாவது வெடிக் கவசம். 1960களின் கடைசியில் ஜெர்மன் ஆய்வாளர் மன்ஃப்ரெட் ஹெல்டு இதில் வேலை செய்து காப்புரிமை எடுத்தார். 1967 போரில் கைவிடப்பட்ட டாங்கிகளைச் சுட்டுச் சோதித்தபோது பிறந்த யோசனை. உள்ளே குண்டுகள் வெடித்த டாங்கிகளில் துளையின் ஆழம் மாறியதைக் கவனித்தார் என்பார்கள். சோவியத்தில் அதற்கும் முன்பே இந்த எண்ணம் இருந்தது, ஆனால் களத்துக்கு முதலில் கொண்டுவந்தது இஸ்ரேல். 1982 லெபனான் போரில் பிளேசர் என்ற பெயரில் பழைய பாட்டன், செஞ்சூரியன் டாங்கிகளில் செங்கல் செங்கலாகப் பொருத்தியிருந்தார்கள். அதில் ஒன்று சிரியாவின் கையில் சிக்கி மாஸ்கோ போனது. கொஞ்ச காலத்தில் சோவியத் டாங்கிகளிலும் கான்டாக்ட்-1 செங்கல்கள் முளைத்தன. பிறகு வந்த கான்டாக்ட்-5 கனமான தகடு வைத்தது, அதனால் நீளக் கம்பியையும் ஓரளவு உடைக்கும். நம் டி-90 பீஷ்மாவின் முகத்தில் இருப்பது அதுதான்.

இதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல் சாய்வாக இருக்க வேண்டும். நேர்க்குத்தாக வந்தால் தகடு தாரையின் குறுக்கே நகராது, பயனும் குறையும். இரண்டாவது, ஒரு செங்கல் ஒரு முறைதான். அதே இடத்தில் இரண்டாவது குண்டு விழுந்தால் அங்கே வெறும் தகடு. அதை நம்பித்தான் டேண்டம் குண்டு வந்தது: முன்னால் ஒரு சின்னக் கூம்பு செங்கலை வெடிக்க வைக்கும், பின்னால் வருவது உள்ளே போகும். மூன்றாவது, செங்கலுக்குப் பின்னால் உள்ள தகடு அந்த வெடிப்பைத் தாங்க வேண்டும். மெல்லிய அலுமினிய உடல் உள்ள வண்டியில் கனமான செங்கலை அப்படியே ஒட்டினால் அதுவே ஆபத்து. அப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே வேறு வகை செய்ய வேண்டியிருந்தது. உக்ரைனில் அமெரிக்காவின் பிராட்லி காலாட்படை வண்டிகளில் இருப்பது அதுதான்.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. 1994 டிசம்பர் 31, செச்சினியாவின் தலைநகர் க்ரோஸ்னி. ரஷ்ய டாங்கிகள் நகரத்துக்குள் நுழைந்தன. பல டாங்கிகளில் செங்கல் பெட்டி இருந்தது, உள்ளே வெடிமருந்து இல்லை. மைகோப் படைப்பிரிவு மட்டும் 26 டாங்கிகளில் 20ஐ இழந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அந்த டாங்கிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் 19, 20 வயதுப் பிள்ளைகள்.

தங்கராசு75 | வெள்ளி, காலை 11:15

சரி, ஒப்புக்கொள்கிறேன், செங்கல் விஷயம் எனக்குத் தெரியாதது. ஆனால் வரும் குண்டை வழியிலேயே சுட்டு வீழ்த்தும் கருவி இருக்கிறதே, அது இருந்தால் இந்தக் கனமெல்லாம் எதற்கு? டாங்கியை 30 டன்னில் செய்துவிட்டு அதை மாட்டிவிடலாமே.

பட்டறைக்காரர் | வெள்ளி, மதியம் 2:40

தங்கராசு தம்பி, பல நாட்டு வடிவமைப்பாளர்கள் கேட்கும் கேள்வி இது. நம் ஜோராவர் இலகு டாங்கி 25 டன். லடாக் மலைக்காகச் செய்தது, 2024 ஜூலையில் ஹசீராவில் காட்டினார்கள். அந்த எடையில் அர்ஜுன் கவசம் சாத்தியமில்லை. வெளித் தோல்களை நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கருவி, எங்கள் பேச்சில் ஏபிஎஸ், என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து நம்ப வேண்டும்.

இதிலும் முன்னோடி சோவியத்துதான். 1980களின் தொடக்கத்தில் டி-55 டாங்கிகளில் த்ரோஸ்த் என்ற கருவியை மாட்டினார்கள். ரேடார் வரும் ஏவுகணையைப் பார்க்கும், டரட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் குழாயிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பி வெடித்துச் சிதறும். முன்பக்கம் மட்டும்தான் காவல். பக்கத்தில் நடந்துவரும் சொந்தக் காலாட்படைக்கும் அந்தச் சிதறல் ஆபத்து.

அதற்கு 25 வருடம் கழித்து இஸ்ரேலின் ட்ராஃபி வந்தது. 2006 லெபனான் போரில் கார்னெட் ஏவுகணைகள் மெர்காவாவையே துளைத்தன. அந்த அடிக்குப் பிறகு வேகம் பிடித்தார்கள். நான்கு பக்கமும் தட்டையான ரேடார், எந்தத் திசையில் இருந்து வந்தாலும் கணக்குப் போட்டு, சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைக் குறுகிய கற்றையாக வீசிக் குண்டைக் கெடுத்துவிடும். 2011 மார்ச் 1 அன்று காசா எல்லையில் முதல் முறையாக உண்மையான சண்டையில் ஒரு குண்டைத் தடுத்தது. இன்று அமெரிக்க ஏப்ரம்ஸிலும் ஜெர்மன் லெப்பர்டிலும் இருக்கிறது.

நேரக் கணக்கைப் பாருங்கள். 100 மீட்டரில் இருந்து ஆர்பிஜி சுட்டால் அது வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அதற்குள் ரேடார் பார்க்க வேண்டும், இது குண்டா பறவையா என்று பிரிக்க வேண்டும், வண்டியில் படுமா தாண்டிப் போகுமா என்று முடிவெடுக்க வேண்டும், சுட வேண்டும். மனிதனுக்கு அதில் வேலையே இல்லை.

நீளக் கம்பியின் கதை வேறு. வேகம் பல மடங்கு, உள்ளே கெடுப்பதற்கு வெடிமருந்தும் இல்லை. அதைத் திசை திருப்ப முயல்கிறார்கள், ஆனால் முகக் கவசத்தைக் கழற்றிவிடும் அளவுக்கு யாரும் நம்பவில்லை. சுட்ட பிறகு மறுபடி குண்டு நிரப்ப வேண்டும். ஒரே பக்கம் அடுத்தடுத்து நாலு வந்தால்? ரேடார் அலை வீசுவதால் எதிரி அதை உணர்ந்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சாதாரணத் துப்பாக்கிக் குண்டே ரேடார் முகத்தைச் சேதப்படுத்தலாம். ஏபிஎஸ் நல்ல தோல். ஆனால் ஒரே தோல் ஆகாது.

வடமராட்சிக் காற்று | வெள்ளி, இரவு 8:30

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன், இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன். டாங்கி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ‘பவள்’ தெரியும். எங்கட ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். தென்னாபிரிக்காவின் பஃபல் வண்டியைத்தான் நாங்கள் பவள் என்று சொல்லுவோம். இலங்கை இராணுவம் அதை வாங்கிப் பிறகு தானே யுனிகோன் என்ற பெயரில் கட்டவும் தொடங்கியது. அரசியல் கதைக்க வரவில்லை. எந்தப் பக்கத்துப் பிள்ளை இறந்தாலும் வீட்டில் அழுவது ஒரு தாய்தான்.

எங்கட ஒழுங்கையால் அது போகும்போது வேலி அதிரும். நெஞ்சுயரத்துக்கு மேலே ஆட்கள் முதுகோடு முதுகு வைத்து இரண்டு வரிசையாக, வெளிப்பக்கம் பார்த்து இருப்பார்கள். அடிப்பக்கம் தோணி மாதிரி கூராக இருக்கும். அது ஏன் அப்படி என்று அப்போது விளங்கவில்லை. பெரியவனாகிப் படித்தபோதுதான், கண்ணிவெடியின் வேகத்தை இரண்டு பக்கமும் வழித்துவிடத்தான் அந்தக் கூர் என்று தெரிந்தது. டயருக்குள் தண்ணீர் நிரப்புவார்களாம், அதுவும் வெடிப்பின் சூட்டையும் வேகத்தையும் குடிக்கத்தான். ஆனால் அவ்வளவு உயரமாக இருந்ததால் பிரளும் என்றும் வாசித்தேன்.

பட்டறைக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. தகடு உடையாமல் இருந்தும் உள்ளே இருந்தவர்கள் காலை இழந்த கதைகள் கேட்டிருக்கிறேன். அது எப்படி?

பட்டறைக்காரர் | சனி, காலை 7:10

வடமராட்சித் தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ராத்திரி எழுத உட்கார்ந்து முடிக்க முடியாமல் காலையில் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கண்ணிவெடிச் சோதனை. இடமும் வண்டியைச் செய்தவர்கள் பெயரும் வேண்டாம். அடிவயிறு கூராக உள்ள சக்கர வண்டி. சக்கரத்துக்கு அடியில் வெடிமருந்தைப் புதைத்தோம். உள்ளே பொம்மை மனிதர்கள், கார் மோதல் சோதனையில் உட்கார வைப்பார்களே, அதே வகை. முதுகிலும் முழங்காலுக்குக் கீழும் சென்சார்கள். பொத்தானை அழுத்தினோம். புழுதி அடங்கிப் போய்ப் பார்த்தால் சக்கரம் 30 மீட்டர் தள்ளிக் கிடக்கிறது, வண்டியின் உடலில் ஒரு விரிசல்கூட இல்லை. கதவு திறக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாலையில் சென்சார் பதிவை விரித்தோம். கீழ்க்கால் எலும்பில் விழுந்த விசை வரம்பைத் தாண்டியிருந்தது. சர்வதேச நேட்டோ அளவுகோலில் அந்த வரம்பு 5.4 கிலோநியூட்டன். முதுகெலும்புக்கு டிஆர்ஐ என்ற எண், அது 17.7க்கு மேல் போகக்கூடாது. முதுகு தப்பியது. கால் தப்பவில்லை. அதாவது, கைதட்டிக்கொண்டு நின்றோமே, அந்த வண்டியில் உயிருள்ள ஆள் இருந்திருந்தால் இரண்டு குதிகாலும் நொறுங்கியிருக்கும்.

காரணம் என்ன? வெடித்த முதல் சில மில்லி விநாடிகளில் அடித்தகடு மேலே வளைந்து, உடனே திரும்பிவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் வளைந்ததே தெரியாது. ஆனால் தரைத்தகடு அடித்தகட்டோடு ஒட்டி இருந்தது, கால் தரைத்தகட்டின் மேல் இருந்தது. சுத்தியலால் குதிகாலில் அடித்த மாதிரி.

உள்ளே இருப்பவருக்கு மூன்று அடி விழுகிறது. முதலில் தரை கால்களை அடிக்கிறது. அப்புறம் வண்டி மேலே எழும்போது இருக்கை முதுகெலும்பை நசுக்குகிறது. கடைசியில் வண்டி திரும்பத் தரையில் விழும்போது மறுபடி ஒரு அடி. முதல் அடியை வாங்கி நசுங்கித் தீர்ந்துபோன இருக்கை இந்தக் கடைசி அடிக்கு உதவாது.

மருந்து என்ன என்று இன்று தெரியும். தரையை அடித்தகட்டில் இருந்து பிரித்து மிதக்க விட வேண்டும். இருக்கையைத் தரையில் போல்ட் போடாமல் கூரையிலோ பக்கச் சுவரிலோ தொங்கவிட வேண்டும். கால் வைக்கும் பலகையை இருக்கையோடு இணைக்க வேண்டும், கால் தரையைத் தொடவே கூடாது. உள்ளே தளர்வாக ஒரு ஸ்பேனர்கூடக் கிடக்கக்கூடாது. அந்த நேரத்தில் ஸ்பேனரும் குண்டுதான்.

இராக்கில் அமெரிக்கா சாலையோர வெடிகளில் தட்டை வயிற்று ஹம்வீ வண்டிகளை இழந்து இழந்து, 2007இல்தான் கண்ணிவெடி தாங்கும் எம்ராப் வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. 20,000க்கும் மேல் வாங்கினார்கள். தென்னாப்பிரிக்காவும் ரொடீஷியாவும் 1970களிலேயே கூர்வயிற்று வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தன. முப்பது வருடம். தெரிந்த ஒன்றைச் செய்ய முப்பது வருடம் எடுத்துக்கொண்டார்கள் என்பதை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

ஓய்வு தஃபேதார் | சனி, மதியம் 12:20

பட்டறைக்காரர் சார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் கால்களைப் பற்றி ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். நான் ஆர்மர்டு ரெஜிமென்டில் டிரைவராக இருந்தவன்.

உள்ளே இருப்பவர் பக்கமிருந்து சில விஷயம் சொல்கிறேன். ராஜஸ்தான் வெயிலில் ஹேட்சை, அதாவது தலைக்கு மேல் உள்ள வாயிலை, மூடினால் பத்து நிமிடத்தில் தலை சுற்றும். அதனால் திறந்து வைத்துக்கொள்வோம். திறந்த ஹேட்சுக்குக் கீழே எவ்வளவு கவசம் இருந்து என்ன பயன்? உள்ளே குளிர்ச்சி கொடுப்பதும் பாதுகாப்புதான் என்று வடிவமைப்பவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் குண்டுகள் இருக்கும் இடம். டி-72இல் கமாண்டரும் கன்னரும் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே வட்டமாக 22 குண்டு. மீதி அங்கங்கே செருகியிருக்கும். துளைத்து வந்த ஒரு பொறி அதில் விழுந்தால் நொடியில் எல்லாம் முடிந்தது. நிலாமுற்றம் தங்கச்சி பார்த்த டரட் பறக்கும் காட்சி அதுதான். ட்ரோனில் இருப்பது சின்ன வெடிதான், டரட்டைத் தூக்குவது டாங்கியின் சொந்தக் குண்டு. ஏப்ரம்ஸில் குண்டுகளைப் பின்னால் தனி அறையில் வைத்து, அறையின் மேல்மூடி வெளிப்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். தீ வெளியே போகும், ஆள் பிழைப்பான். நம் அர்ஜுன் மார்க் 1ஏவில் ஒவ்வொரு குண்டுக்கும் தனி அறை, தனி மூடி.

தீயணைப்பையும் சொல்ல வேண்டும். தீப்பொறியைக் கண் மாதிரி ஒரு சென்சார் சில மில்லி விநாடிகளில் பார்த்து, கால் நொடிக்குள் தீயை அமுக்கிவிடும். உடல் வெந்துபோவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்த வேகம். ரெஜிமென்டில் நாங்கள் அந்த சிலிண்டரின் அழுத்தத்தைத் தினமும் காலையில் பார்ப்போம், சாமி கும்பிடுகிற மாதிரி.

உருக்குமணி | சனி, மாலை 5:45

தஃபேதார் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குண்டு முழுதாகத் துளைக்காவிட்டாலும் தகட்டின் உள்பக்கம் செதில் செதிலாகத் தெறிக்கும். 1916இல் முதல் டாங்கிகள் களத்துக்கு வந்தபோதே இந்தத் தொல்லை இருந்தது. 6 முதல் 12 மில்லிமீட்டர் தகடுதான், துப்பாக்கிக் குண்டு பட்டாலே உள்ளே பொறி தெறிக்கும். உள்ளே இருந்தவர்களுக்குச் சங்கிலி தொங்கும் முகமூடி கொடுத்தார்கள். இன்று அதற்கு உள்சுவரில் கெவ்லார் அல்லது பாலிஎத்திலீன் இழைப் பாய் ஒட்டுகிறார்கள். செதில் விரியும் கோணத்தை அது சுருக்கிவிடும். எல்லோரும் அடிபடும் இடத்தில் ஒருவரோடு நிற்கும். புராஜெக்டுக்கு இதுவும் நல்ல பொருள்.

தங்கராசு75 | சனி, இரவு 9:00

முதல் நாள் எழுதியதில் இருந்து நான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டரட் பறப்பதற்குக் காரணம் ட்ரோன் என்று நினைத்திருந்தேன், குண்டு வைத்த இடம் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் மேலிருந்து வரும் ட்ரோனுக்கு என்ன பதில்? கூரை மெல்லியது, ஏபிஎஸ் ரேடார் பக்கவாட்டைப் பார்க்கச் செய்தது. கம்பிக் கூண்டு போதுமா?

பட்டறைக்காரர் | சனி, இரவு 10:15

கூண்டைக் கேலி செய்தவர்கள் பலர். 2023 அக்டோபரில் இஸ்ரேலும் மெர்காவா மேல் கூண்டு போட்டது. ஆர்பிஜி போன்ற குண்டு கம்பிக்கு நடுவில் மாட்டினால், மூக்கு நசுங்கி மின் தொடர்பு அறுந்து வெடிக்காமல் போக வாய்ப்பு உண்டு. எப்போதும் பலிக்காது. 2024 ஏப்ரலில் ரஷ்யர்கள் டாங்கியையே தகரக் கொட்டகையால் மூடி ஓட்டினார்கள், ஆமை மாதிரி. டரட் திரும்பாது, டிரைவருக்கு வெளியே தெரியாது. ஆனால் பல ட்ரோன்களை வாங்கிக்கொண்டும் ஓடியது.

அலைவரிசையைக் குழப்பும் ஜாமர் வைத்தார்கள். அதற்குப் பதிலாக மெல்லிய கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன் வந்தது. அதைக் குழப்ப முடியாது. இப்போது ஏபிஎஸ் ரேடாரை மேல்நோக்கியும் பார்க்க வைக்கும் வேலை பல நாட்டில் நடக்கிறது. இது ஓயாது தம்பி. நான்கு வெளித் தோலிலும் எதிரி இன்றோ நாளையோ ஒரு வழி கண்டுபிடிப்பான். ஐந்தாவது தோலில் செய்த வேலை மட்டும் எந்தக் குண்டு வந்தாலும் பயன்படும். அதனால்தான் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நிலாமுற்றம் | ஞாயிறு, காலை 9:30

எல்லோருக்கும் நன்றி. கைடிடம் பேசினேன், தலைப்பைச் சுருக்கிவிட்டேன்: கண்ணிவெடி அதிர்வில் இருந்து கீழ்க்காலைக் காக்கும் கால்பலகை. வெடிமருந்து வைத்துச் சோதிக்க எங்களால் முடியாது. எடையை உயரத்தில் இருந்து கீழே போட்டு அதே அதிர்வைக் கொண்டுவரலாமா, ஐயா?

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 10:50

கொண்டுவரலாம். பல ஆய்வகங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் வெறும் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். தரைத்தகடு எவ்வளவு வேகத்தை எத்தனை மில்லி விநாடியில் அடைகிறது என்பதுதான் முக்கியம். அடியில் வைக்கும் ரப்பர் கெட்டியாக இருந்தால் துடிப்பு குறுகும், மென்மையாக இருந்தால் நீளும். அதைத் தேனடைக் கட்டமைப்பு, மடியும் உலோகக் குழாய், ஃபோம் என்று மூன்று விதமாகப் போட்டு ஒப்பிடுங்கள். பூட்ஸ் போட்டே சோதியுங்கள். வெறும் காலுக்கும் பூட்ஸுக்கும் பதிவு மாறும். ஒரே பலகையை இரண்டு முறை அடித்துப் பாருங்கள், வண்டி திரும்ப விழும் அடிக்காக. இரண்டாவது எண்ணை மறைக்காமல் அறிக்கையில் போடுங்கள்.

ஓய்வு தஃபேதார் | ஞாயிறு, மதியம் 1:05

தங்கச்சி, ஒரே ஒரு வேண்டுகோள். பலகை இருக்கையோடு தொங்கும் என்றால் டிரைவருக்கு அது எப்படி என்று யோசியுங்கள். ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டும் கீழேதான் இருக்கிறது, எங்கள் கால் அங்கேதான் இருந்தாக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொள்வார்கள், டிரைவர் வைக்க முடியாது. அப்புறம் பெல்ட் கொக்கி. வண்டி கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது, இருட்டில், கையுறை போட்ட ஒற்றைக் கையால் கழற்ற வர வேண்டும். செய்து முடித்ததும் சொல்லுங்கள், கோவைக்கு நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.